நீல நிறப் படமும் இரண்டு சாப்பாட்டு மேசைகளும்: அடேலும் எம்மாவும் எதனால் பிரிந்தார்கள்?

கேள்வி: திருமங்கலம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலத்துக்கு அருகில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் நரிமேட்டில் ஒரு தோழியின் வீட்டு மொட்டைமாடியில் கூடி, அந்த மாதத்துக்கென்று முடிவு செய்த படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து பேசுவது வழக்கம். சென்ற மாதம் நாங்கள் எடுத்துக்கொண்டது அப்தெல்லத்தீப் கெஷீஷ் இயக்கிய பிரெஞ்சுப் படம். வெளிநாடுகளில் ‘ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்’ என்று அறியப்படும் அதற்குப் பிரெஞ்சில் ‘அடேலின் வாழ்க்கை, அத்தியாயங்கள் 1, 2’ என்று பெயர். 2013ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தலைமையிலான நடுவர் குழு, வழக்கம்போல் இயக்குநருக்கு மட்டும் கொடுக்காமல், அடேல் எக்ஸார்கோபூலோஸ், லேயா செய்தூ என்ற இரு நடிகைகளின் பெயர்களையும் சேர்த்து, விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை அளித்த படம் அது. மூன்று மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிடம்தான் குறைவு.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கு பிரான்சில் லீல் நகரத்துப் பள்ளி மாணவி அடேல், தெருவைக் கடக்கும்போது நீல நிறத் தலைமுடியோடு எதிரே வரும் ஒரு பெண்ணைப் பார்த்துத் திகைத்து நிற்கிறாள். அந்தப் பெண் எம்மா, நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் படிப்பவள். இருவரும் காதலிக்கிறார்கள், சில ஆண்டுகளில் சேர்ந்து வாழ்கிறார்கள். அடேல் சிறு குழந்தைகளுக்கு ஆசிரியை ஆகிறாள், எம்மா ஓவியராக வளர்கிறாள். எம்மா தன் வேலையிலேயே மூழ்கிக் கிடந்த நாட்களில், உடன் பணிபுரியும் ஓர் ஆணோடு அடேலுக்கு உறவு ஏற்படுகிறது. அது தெரிந்த இரவே எம்மா அவளை வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறாள். அதன் பிறகு படத்தில் மீதியிருப்பதெல்லாம் அடேலின் துயரம்.

எங்கள் மாடியில் இரண்டு மணி நேரம் நடந்த சண்டை இந்தப் பிரிவைப் பற்றியதுதான். பெரும்பாலான தோழிகள், துரோகம் செய்தாள், பிரிந்தார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்றார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்த ஆண் குறுக்கே வருவதற்கு வெகு முன்பே, ஒருவேளை அவர்கள் மிக மகிழ்ச்சியாக இருந்த நாட்களிலேயே, ஏதோ ஒன்று பிசகிவிட்டது என்று படம் பார்க்கும்போது எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் எந்த இடத்தில் என்று கேட்டபோது விரல் வைத்துக் காட்ட முடியாமல் திணறினேன்.

இன்னொரு தோழி வேறொரு கேள்வியைக் கிளப்பினார். இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள் என்பதே இந்தப் படத்தில் பெரிய இடைஞ்சலாக வரவில்லையே, அப்படியென்றால் இதை ஏன் இவ்வளவு பேர் அப்படியொரு படமாகப் பேசுகிறார்கள் என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும் அந்தப் படுக்கையறைக் காட்சியைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. எங்களில் பாதிப்பேர் அதை ஓட்டிவிட்டுத்தான் பார்த்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படத்தை நன்கு அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: சிம்மக்கல் சினிமா

வணக்கம், ஆசிரியை அவர்களே. உங்களுக்குத் தோன்றியது சரிதான் என்பது என் கருத்து. விரல் வைக்க வேண்டிய இடம் படுக்கையறையும் அல்ல, அந்த ஆண் ஆசிரியரின் காரும் அல்ல. சாப்பாட்டு மேசை.

இந்த இயக்குநர் படங்களில் சாப்பாடு ஒருபோதும் வெறும் சாப்பாடாக இருக்காது. துனிஸில் 1960இல் பிறந்து, ஆறு வயதில் பெற்றோரோடு பிரான்சின் நீஸ் நகருக்குக் குடியேறியவர் கெஷீஷ். 2007இல் அவர் எடுத்த படத்தில், வேலை போன துறைமுகத் தொழிலாளி ஒருவர் பழைய கப்பலொன்றில் கூஸ்கூஸ் உணவகம் தொடங்கப் பாடுபடுவதுதான் கதை. ஒரு குடும்பம் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதை நிமிடக்கணக்கில், வாயருகே கேமராவை வைத்து எடுக்கும் துணிச்சல் அவருக்கு அந்தப் படத்திலேயே கைவந்துவிட்டது. யார் எதைச் சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே அவர்களின் பிறப்பையும் இருப்பையும் சொல்லிவிடுவார்.

இப்போது இந்தப் படத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு விருந்துகளை நினைவுபடுத்திப் பாருங்கள். முதலில் அடேல் எம்மாவின் வீட்டுக்குப் போகிறாள். எம்மாவின் தாயும் அவரது துணைவரும் அவளை மகளின் காதலியாகவே வரவேற்கிறார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மேசையில் இருப்பது பச்சைச் சிப்பியும் வெள்ளை ஒயினும். அடேல் எதையும் வழித்துத் தின்பவள், அவளுக்கு ஆகாத ஒரே வகை அதுதான். எம்மா சொல்லிக்கொடுக்க, அவள் தயங்கித் தயங்கி விழுங்குகிறாள். பேச்சு ஓவியத்தைப் பற்றிப் போகிறது. ஆசிரியை ஆக விரும்புவதாக அடேல் சொன்னதும், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை, ஆனால் அந்தப் பதிலில் அவர்களுக்குச் சுவையும் இல்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு எம்மா அடேலின் வீட்டுக்கு வருகிறாள். அங்கே பெரிய பாத்திரம் நிறையத் தக்காளியும் கறியும் சேர்ந்த ஸ்பகெட்டி. எம்மா, தத்துவப் பாடத்தில் உதவி செய்யும் தோழி என்று அறிமுகமாகிறாள். ஓவியத்தை நம்பி வயிறு கழுவ முடியுமா என்பது அடேலின் அப்பாவின் கவலை. நல்ல வேலையில் இருக்கும் கணவன் அமைந்தால் பரவாயில்லை என்ற போக்கில் அவர் பேசும்போது, தனக்கு ஒரு காதலன் இருப்பதாக எம்மா பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டு அப்பாக்களின் முகம் எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. அவர் கெட்டவர் அல்லர். விருந்தாளியின் தட்டில் இன்னொரு கரண்டி போடுகிறவர், மாதச் சம்பளம் வராத தொழில் எதையும் தொழிலாக ஒப்புக்கொள்ளாதவர்.

இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில்தான் அவர்கள் பிரிகிறார்கள் என்று நான் சொல்வேன். பல ஆண்டுகள் கழித்து எம்மாவின் நண்பர்களுக்குத் தோட்டத்தில் நடக்கும் விருந்தை மறுபடி பாருங்கள். அதே ஸ்பகெட்டியை அடேல்தான் சமைக்கிறாள், அவள்தான் தட்டுத் தட்டாக எடுத்துப் பரிமாறுகிறாள். விருந்தினர்கள் கிளிம்ட்டா, ஷீலேயா என்று இரு ஓவியர்களை வைத்து வாதம் செய்கிறார்கள், அவளிடம் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவுகிறவளும் அவளே. அன்றிரவு எம்மா, நீ ஏன் எதையாவது எழுதக் கூடாது, உனக்குப் பிடித்ததைச் செய்து நீ நிறைவடைய வேண்டும் என்று அன்போடுதான் சொல்கிறாள். குழந்தைகளுக்குக் கற்பிப்பதுதான் தனக்குப் பிடித்தது என்று அடேல் சொல்லும் பதில் எம்மாவின் காதில் பதிலாகவே விழுவதில்லை. உங்கள் தொழிலும் அதுவே என்பதால் இந்த இடம் உங்களைச் சுட்டிருக்கும். எழுத்தறிவிக்கும் வேலையை ஒரு வாழ்க்கையாகக் கருத முடியாதவளோடு அடேல் குடித்தனம் நடத்துகிறாள். அந்தச் சக ஆசிரியரிடம் அவள் போனது ஆணைத் தேடி அல்ல என்றே நினைக்கிறேன். தன் வேலை, தன் பேச்சு, தன் ஆட்டம் எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராத ஓர் இடத்தைத் தேடிப் போகிறாள்.

பூங்காவில் அவர்கள் முதன்முதலாக உட்கார்ந்து பேசும் காட்சியிலேயே இதற்கு விதை இருக்கிறது. எம்மா பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரைப் பற்றி, மனிதன் முதலில் இருக்கிறான், தான் யார் என்பதைப் பிறகு தன் செயல்களால் ஆக்கிக்கொள்கிறான் என்ற அவரது கருத்தைப் பற்றிச் சொல்கிறாள். அடேல் அதை உடனே பாடகர் பாப் மார்லியோடு சேர்த்துப் பேசுகிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அப்போது காதல். ஆறேழு ஆண்டு கழித்து அதே சிரிப்பு எப்படி ஆகிவிடும் என்பதுதான் மீதிப் படம்.

மறுமொழி 2: தல்லாகுளம் தாத்தா

எனக்கு இவ்வளவு ஆழம் தெரியாது. படம் நீளம், எனக்குப் பொறுமை குறைவு. முகத்துக்கு நேராகவே கேமராவை வைத்து மூன்று மணி நேரம் எடுத்தால் அழுகிறவளின் மூக்கு ஒழுகுவதைத்தான் பார்க்க முடியும். சேர்ந்து வாழும்போது ஒருவரை ஏமாற்றினால் மற்றவருக்குக் கோபம் வரும். அதற்குச் சிப்பியையும் சேமியாவையும் காரணம் சொல்வது, தேங்காய் அழுகியதற்குத் தேரையைக் குறை சொல்வதைப் போல இருக்கிறது.

மறுமொழி 3: சிம்மக்கல் சினிமா

ஐயா, கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோபத்தின் அளவைக் கவனியுங்கள். தோட்ட விருந்திலேயே கர்ப்பிணியாக இருக்கும் லீஸ் என்ற பெண்ணோடு எம்மா எப்படிச் சிரித்துப் பேசுகிறாள், அதை அடேல் எப்படித் தட்டோடு நின்று பார்க்கிறாள் என்பதைப் படம் மறைக்கவில்லை. பிரிவுக்குப் பிறகு எம்மா லீஸோடும் அவள் குழந்தையோடும் குடும்பமாகிவிடுகிறாள். துரத்திய இரவில் எம்மா சொன்ன வசைச்சொல், எல்லாத் தப்பும் அடேலுடையது என்று ஆக்குவதற்கு உதவிய சொல். நீங்கள் அந்த மூக்கு ஒழுகுவதைச் சொன்னீர்களே, அதைத் துடைக்காமல் விட்டதற்காகவே எனக்கு இந்த நடிகையைப் பிடிக்கும். தங்கப்பனை வாங்கியபோது அவருக்கு வயது 19.

மறுமொழி 4: வைகைத் தென்கரை

சிம்மக்கல் நண்பர் சொன்ன சாப்பாட்டு மேசை வாசிப்பு எனக்கு உடன்பாடே. ஆனால் ஆசிரியை அவர்கள் ஓட்டிவிட்டுப் பார்த்ததாகச் சொன்ன காட்சியை ஒதுக்கிவிட்டு இந்தப் படத்தைப் பேச முடியாது. அதில் ஆபாசம் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. மற்ற காட்சிகளில் இவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே எதைப் பார்க்கத் தவறினார் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கதை ஜூல் மரோ 2010இல் வெளியிட்ட சித்திர நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. நூலில் நாயகியின் பெயர் கிளெமாந்தின். அவள் இறந்துவிட்ட பிறகு எம்மா அவளுடைய நாட்குறிப்பைப் படிப்பதாகக் கதை விரிகிறது. படத்துக்கு விருது கிடைத்த அதே மாதத்தில் மரோ தம் கருத்தை எழுதினார். படத்தைத் தனிப் படைப்பாக மதித்த அவர், படுக்கையறைக் காட்சியை மட்டும் ஏற்கவில்லை. அந்தப் படப்பிடிப்பில் இல்லாமற்போனது பெண்ணை நேசிக்கும் பெண்கள்தாம், யாரோ ஒருவருக்கான காட்சிப்பொருளாக அது ஆகிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அந்த ஏழு நிமிடங்களில் மட்டும் ஒளி திடீரென்று பளிங்குச் சிலைக்கு அடிக்கும் ஒளியாக மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்கும், தலைமுடி கலைந்த, அழும்போது கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்த மிட்டாயை எடுத்துத் தின்னும் அடேல் அங்கே இல்லை. அவளுடைய உடம்பு மட்டும் இருக்கிறது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. இரண்டரை மாதம் என்று திட்டமிட்ட படப்பிடிப்பு ஐந்து மாதங்களுக்கு மேல் நீண்டது. பட வேலையில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர்களின் நிலை மோசமாக இருந்ததென்று, கான் விழா நடந்துகொண்டிருக்கும்போதே பிரெஞ்சுத் திரைத்துறைத் தொழிற்சங்கம் ஒன்று வெளிப்படையாகக் குறைகூறியது. தெருவில் இருவரும் ஒருவரையொருவர் கடந்து போகும், அரை நிமிடமே வரும் காட்சியை நூறு முறைக்கு மேல் எடுத்ததாக லேயா செய்தூ கூறினார். இருவருமே இந்த இயக்குநரோடு இனி வேலை செய்யமாட்டோம் என்று பேட்டியில் சொன்னார்கள். அவர் தம் பங்குக்கு, படம் அசுத்தப்பட்டுவிட்டது, வெளியிடவே கூடாது என்று அந்த ஆண்டு செப்டம்பரில் கூறி, செய்தூ வசதியான குடும்பத்தில் பிறந்தவர் என்பதைக் குத்திக்காட்டினார். செய்தூவின் தாத்தா பத்தே என்ற பெரிய பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனத்தின் தலைவர் என்பது உண்மை. திரையில் வர்க்கத்தை இவ்வளவு நுட்பமாக அளந்தவர், தம் தளத்தில் சம்பளத்துக்கு நிற்பவர்களின் நேரத்தை அளக்க மறந்துவிட்டார், கேட்டவருக்கு வர்க்கத்தையே பதிலாகவும் கொடுத்தார். ஸ்பகெட்டி பரிமாறும் அடேலுக்காக நான் உருகும்போதெல்லாம், அந்தத் தட்டுகளை நூறு முறை நிரப்பிக் கழுவிய பணியாளரும் நினைவுக்கு வந்துவிடுகிறார். படத்தை இதனால் தள்ளிவிடச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் இது மிகப் பெரிய படம்தான்.

உங்கள் குழுவுக்கு ஒரு யோசனை. செலின் சியாமா இயக்கி, 2019 கான் விழாவில் திரைக்கதைக்கான விருது பெற்ற ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்’ படத்தை இதற்கு அடுத்த மாதமே பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், பிரித்தானி கடற்கரையில், திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் வரைய வரும் பெண் ஓவியரின் கதை அது. இரண்டு படங்களிலும் ஓர் ஓவியரும் அவருக்கு முன் அமரும் பெண்ணுமே காதலர்கள். எம்மா வரைகிறாள், அடேல் வரையப்படுகிறாள். அந்த ஏற்பாடு கடைசிவரை மாறுவதில்லை. சியாமாவின் படத்திலோ, நீ என்னைப் பார்க்கும் நேரத்தில் நான் யாரைப் பார்க்கிறேன் என்று அமர்ந்திருப்பவள் கேட்டுவிடுகிறாள். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன்: அதில் ஓர் அடுக்களைக் காட்சி உண்டு. வீட்டுப் பணிப்பெண் மேசையில் அமர்ந்து பூத்தையல் போடுகிறாள், ஓவியர் ஒயின் ஊற்றுகிறார், எசமானியின் மகள் சமைக்கிறாள். ஒரு வசனம் கூட இல்லாமல் அந்த வீட்டின் வரிசை குலைந்து போகிறது.

மறுமொழி 5: திருமங்கலம் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. குழந்தைகளுக்குக் கற்பிப்பதே பிடித்தம் என்று அடேல் சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. உறவினர் வீட்டு விசேஷங்களில், இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாயா என்று கேட்பவர்கள் யாரும் என்னைத் துன்புறுத்த எண்ணிக் கேட்பதில்லை. எம்மாவும் அப்படித்தான் கேட்கிறாள் என்பதை நான் கவனிக்காமலே விட்டிருக்கிறேன்.

ஆனால் என் தோழியின் கேள்வி அப்படியே நிற்கிறது. வர்க்கம்தான் பிரித்தது என்றால், இருவரும் பெண்கள் என்பதற்கு இந்தக் கதையில் என்ன வேலை? ஓர் ஆணையும் பெண்ணையும் வைத்தே இதைச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

மறுமொழி 6: நாகமலைத் தமிழ்

அம்மா, நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பிரெஞ்சு சினிமாவில் பழக்கம் அதிகம் இல்லை. என் மகள் வற்புறுத்தியதால் இந்தப் படத்தைப் பார்த்தேன், அவள் அறையைவிட்டுப் போன பிறகு தனியாக. தமிழ் படித்தவர் நீங்கள் என்பதால் அகப்பொருள் வழியில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்துப் பொருத்தங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அடுக்கும்போது, பிறப்பையும் குடிமையையும் முதலில் வைத்து, செல்வமாகிய திருவைக் கடைசியில் வைக்கிறார். உருவும் அன்பும் உணர்வும் அவற்றுக்கு நடுவே வருகின்றன. சிம்மக்கல் நண்பர் சொல்லும் சாப்பாட்டு மேசை, குடிமையும் திருவும் பொருந்தாத இடம். ஆக, அது ஆண் பெண் காதலுக்கும் உரிய சிக்கல்தான். உங்கள் தோழி கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் களவை, அதாவது பிறர் அறியாத காதலைக் கவனியுங்கள். நம் மரபில் களவு வெளிப்படுவதற்குப் படிகள் உண்டு. முதலில் ஊரார் வாயில் அலர் எழுகிறது. பிறகு தாய் ஐயுற்று மகளை வீட்டில் அடைக்கிறாள், அது இற்செறிப்பு. அதன்பின் தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடமும், செவிலி பெற்ற தாயான நற்றாயிடமும் உண்மையை எடுத்துச் சொல்லி அறத்தொடு நிற்கிறார்கள். இல்லையேல் காதலர்கள் வீட்டைவிட்டுச் சேர்ந்து போகும் உடன்போக்கு. அடேலுக்கு அலர் எழுகிறது: பள்ளிக்கூட வாசலில் அவளுடைய தோழிகளே அவளைச் சூழ்ந்துகொண்டு, நீ அப்படிப்பட்டவளா என்று குதறியெடுக்கும் காட்சி, மொத்தப் படத்திலும் என்னை மிகவும் கலங்கச் செய்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு படிகூட நடப்பதில்லை. அறத்தொடு நிற்க வேண்டிய தோழியரே அலர் தூற்றுபவர்களாகிவிட்டார்கள். மூலக் கதையில் பெற்றோருக்கு உண்மை தெரிந்து மகளை வெளியேற்றிவிடுவதாக என் மகள் சொன்னாள். படம் அதைத் தொடவில்லை. ஸ்பகெட்டி மேசையோடு பெற்றோர் கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். எம்மாவுக்குத் தன் வீட்டில் களவே தேவைப்படவில்லை. அடேலின் களவோ ஊரறிந்த இல்வாழ்க்கையாகிய கற்பாக மாறாமல், களவாகவே ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. தன்னோடு வேலை பார்ப்பவர்களிடம்கூட அவள் எம்மாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தப் பொய்யின் இடைவெளியில்தான் அந்த ஆண் ஆசிரியர் வந்து நிற்கிறார், அவள் தனியாள் என்று நம்பிக்கொண்டு. இருவரும் பெண்கள் என்பதற்குக் கதையில் உள்ள வேலை இது. அவள் ஓர் ஆணோடு வாழ்ந்திருந்தால் அதை மறைக்க வேண்டியதே இல்லை.

பெரிய இடைஞ்சல் எதுவும் படத்தில் வரவில்லை என்று உங்கள் தோழிக்குத் தோன்றியதற்கும் காரணம் இருக்கிறது. பிரான்சில் ஒருபாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 மே 18. இந்தப் படத்துக்குத் தங்கப்பனை கிடைத்தது மே 26. அதே 26ஆம் தேதி பாரிசில் அந்தச் சட்டத்தை எதிர்த்து மாபெரும் பேரணியும் நடந்தது. அங்கேயும் தெருவில் எதிர்ப்பு இருந்தது. படம்தான் அதைத் தெருவில் காட்டாமல் ஒரு பெண்ணின் வாய்க்குள் பூட்டிவைத்துவிட்டது.

நம் ஊரில் அது வாய்க்குள் நிற்பதில்லை. இங்கே மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குப் போனதும், பெற்றோர் காணவில்லை என்று காவல்துறையில் புகார் கொடுத்ததும், அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் சென்றதும் செய்தித்தாள்களில் வந்தவைதாம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று அந்த ஆணையைப் பிறப்பித்தார். இப்படிப்பட்டவர்களை ‘மாற்றுவதற்கான’ சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றையும் அவர் தடை செய்தார். இற்செறிப்பும் உடன்போக்கும் நான் நாற்பது ஆண்டு வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த சொற்கள். செய்தியைப் படித்தபோதுதான், அவை தேர்வுக்கான துறைப் பெயர்கள் மட்டும் அல்ல என்று எனக்கு உறைத்தது. அறத்தொடு நிற்கச் செவிலி இல்லாத இடத்தில் ஒரு நீதிபதி நிற்க வேண்டியிருந்தது.

ஒரு சிறு குறிப்போடு முடிக்கிறேன். படத்தின் தொடக்கத்தில் வகுப்பில் படிக்கப்படுவது பிரெஞ்சு எழுத்தாளர் மாரிவோ எழுதிய மரியான் என்ற பெண்ணின் வாழ்க்கை நாவல். 1731 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அதை ஆசிரியர் முடிக்காமலே விட்டுவிட்டார். ‘அத்தியாயங்கள் 1, 2’ என்ற பெயரின் குறும்பு அங்கிருந்து வருவதாக நினைக்கிறேன். மரோவின் சித்திர நாவலில் நாயகி இறக்கிறாள். படத்தில் அடேல் நீல ஆடை அணிந்து எம்மாவின் ஓவியக் கண்காட்சிக்கு வருகிறாள், சுவரில் தன் உருவத்தையே பார்க்கிறாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடக்கிறாள். எம்மாவின் தலையில் அப்போது நீலம் இல்லை.

மறுமொழி 7: திருமங்கலம் ஆசிரியை

ஐயா, வணக்கமும் நன்றியும். அடேல் தன்னுடன் பணிபுரிபவர்களிடம் எம்மாவைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பதை நான் படத்தில் பார்த்தேன், ஆனால் அதைக் காரணமாக எண்ணவில்லை. ஆசிரியர் அறையில் யார் வீட்டில் என்ன என்பதை ஒவ்வொருவரும் எவ்வளவு சொல்கிறோம், எவ்வளவு விழுங்குகிறோம் என்பது எனக்குத் தெரியாததா?

தல்லாகுளம் ஐயா அவர்களே, எங்கள் குழுவில் உங்கள் கட்சிக்குத்தான் பெரும்பான்மை, கவலைப்பட வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சியாமாவின் படத்தை எடுத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் இந்தப் படத்தின் மூன்று இடங்களை மட்டும், அதாவது சிப்பி விருந்து, ஸ்பகெட்டி விருந்து, தோட்ட விருந்து ஆகியவற்றை மட்டும், அனைவரும் இன்னொரு முறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோட்ட விருந்தில் அடேல் தன் தட்டோடு எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பதைக் குறித்துக்கொண்டு வருமாறும் சொல்லியிருக்கிறேன்.

மறுமொழி 8: வைகைத் தென்கரை

அந்த விருந்தில் சமீர் என்ற ஒருவர் அவளுக்கு உதவியாகத் தட்டுகளை எடுப்பதையும் அவளைச் சாப்பிடச் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் படங்களில் பயங்கரவாதியாக நடிக்க மட்டும் அழைக்கப்படும் அராபிய நடிகர் அவர். அந்தக் கூட்டத்தில் அடேலைப் போலவே ஓரத்தில் நிற்பவர். கடைசிக் காட்சியில் அவளைத் தேடிக் கண்காட்சியிலிருந்து வெளியே ஓடிவருகிறவரும் அவரே. அவள் ஒரு பக்கம் போயிருப்பாள், அவர் மறுபக்கம் தேடிப் போவார்.

மறுமொழி 9: திருமங்கலம் ஆசிரியை

குறித்துக்கொண்டேன். அந்தத் தெருவை எந்தத் தோழி பார்த்திருக்கிறாள் என்று ஞாயிறு அன்று முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.